சார்ஜ் என்ற சொல்லுக்கு எத்தனை இலை

விருதுநகரில் ஒரு கிட்டங்கியின் மாடியில் டுடோரியல் நடத்தி வந்தேன். கீழே மல்லியும் வத்தலும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மேலே, எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் கோட்டை விட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்து தும்முவார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "இம்புட்டு இங்கிலீசு தெரிஞ்சவுக ஏன் சார் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போகல?" எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கரும்பலகைப் பக்கம் திரும்பி, 'சார்ஜ்' என்ற சொல்லை இங்கிலீஷில் எழுதி, "இதுக்கு எத்தனை இலை போடணும், சொல்லுங்க பாப்போம்" என்பேன்.

இலைக் கணக்கு நானாகக் கண்டுபிடித்தது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வினைச்சொல்லைப் பந்தி நடத்துகிற வீட்டுக்காரராக நினைத்துக்கொள்ள வேண்டும். யார் யாருக்கு இலை போடுவது என்று அவர்தான் முடிவு செய்வார். 'தூங்கு' என்றால் ஒரே இலை. தூங்குகிறவன் வந்து உட்கார்ந்தால் பந்தி முடிந்தது. 'அடி' என்றால் இரண்டு இலை, அடித்தவனுக்கு ஒன்று, வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கு ஒன்று. 'கொடு' என்றால் மூன்று வேண்டும்: கொடுத்தவர், வாங்கியவர், கைமாறிய பொருள். இவ்வளவு புரிந்துவிட்டால் எந்த மக்குக்கும் இங்கிலீஷ் வாக்கியம் பிடிபட்டுவிடும். ஆனால் இங்கிலீஷில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே சொல் பொருளுக்குப் பொருள் வேறு பந்தி நடத்தும். ஒரு பந்தியில் கௌரவமாக உட்கார்ந்தவன் அடுத்த பந்தியில் எந்த இலையில் உட்காருவான் என்று சொல்ல முடியாது.

இதை நான் முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது டுடோரியலில் அல்ல. சிவகாசியில், என் தாய்மாமாவின் பட்டாசுக் கம்பெனி ஆபீசில்.

என் அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே இறந்துபோய்விட்டார். அம்மாவைவிட மாமா ஐந்தாறு வயது இளையவர். அக்காவைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தாயில்பட்டியில் ஒரு வீடு பார்த்துக் குடிவைத்தார். என்னை பி.ஏ. வரை படிக்க வைத்ததும் அவர்தான். அதை நான் மறுக்கவில்லை. எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே நடந்ததைச் சொன்னால் கதை பொய்யாகிவிடும்.

பட்டாசுக் கொட்டகைகள் தாயில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டில் இருந்தன. ஆபீஸ் சிவகாசியில். கல்கத்தா, பம்பாய் வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் எழுதுவதற்காக மாமா என்னை வைத்துக்கொண்டார். பள்ளிக்கூட வேலை கிடைக்கும்வரை என்பது பேச்சு. சாயங்காலம் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதும் மாமாவின் யோசனைதான். அவரே கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். சட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, விசிறியால் முதுகைத் தட்டிக்கொண்டு கேட்பார்.

ஒரு நாள் 'சார்ஜ்' வந்தது. கல்கத்தாக்காரர் எழுதிய கடிதத்தில் ஒரு பொருளில் இருந்தது, அரசாங்க விதிப் புத்தகத்தில் வேறொரு பொருளில் இருந்தது. குமாஸ்தா ஒருவர் குழம்பிப்போய்க் கேட்டார். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பிவிட்டேன்.

"பூச்சட்டியில, அதான் புஸ்வாணத்துல, மருந்து அடைக்கோம்ல, அதுக்கும் இங்கிலீசுல சார்ஜ்தான். மூணு இலை. அடைக்கிறவர், பூச்சட்டி, மருந்து. வியாபாரி விலை கேட்டா அதுவும் சார்ஜ். அதுக்கு நாலு இலை. கேக்கிறவர், குடுக்கிறவர், தொகை, சரக்கு. கோயில் மாடு கொம்பைத் தாழ்த்திக்கிட்டு ஆள் மேல பாயுதுல்ல, அதுவும் சார்ஜ். ரெண்டே இலை. மாடு ஒண்ணு, மாட்டிக்கிட்டவன் ஒண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. "ஒருத்தர்கிட்ட ஒரு பொறுப்பை ஒப்படைச்சாலும் சார்ஜ். ஒருத்தன் மேல குத்தம் சாட்டினாலும் சார்ஜ். இந்த ரெண்டுக்கும் மூணு மூணு இலை."

மாமா கடைசி பெஞ்சிலிருந்து, "இங்கிலீசுக்காரன் மகா கஞ்சனா இருப்பான் போலயே. ஒரே சட்டியில சோறும் வடிக்கான், கொளம்பும் வைக்கான்" என்றார். ஆபீஸே குலுங்கியது.

அன்றைக்கு நான் ஒன்றைக் கவனித்துச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். தமிழில் பூச்சட்டிக்குள் மருந்தை அடைக்கிறோம். அடைபடுவது மருந்து, பூச்சட்டி வெறும் இடம். இங்கிலீஷில் தலைகீழ், பூச்சட்டியைத்தான் சார்ஜ் செய்வார்கள், மருந்தைக் கொண்டு. குற்றமும் அப்படியே. தமிழில் ஒருவன் மேல் பழியைச் சுமத்துகிறோம். சுமத்தப்படுவது பழி. நாளைக்கு இறக்கி வைத்தாலும் வைக்கலாம். இங்கிலீஷில் ஆளையே சார்ஜ் செய்கிறார்கள், பழியைக் கொண்டு. "அப்ப அந்தாளு பூச்சட்டி மாதிரி" என்றார் குமாஸ்தா. "ஆமா, அதே இலைதான்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். மாமா தலையை ஆட்டி ரசித்தார்.

அடுத்த சித்திரையில் மாமா என்னைக் கொட்டகைகளுக்குப் பொறுப்பாளனாகப் போட்டார். வேலை நடக்கும்போது பொறுப்பாளர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. பழைய ஆள் வயதாகி விலகிவிட்டார்.

"ஆபீசர் வந்து இங்கிலீசுல ரெண்டு கேள்வி கேட்டா இங்கன பதில் சொல்ல ஆள் இல்லலே. நீ நின்னா எனக்குத் தெம்பா இருக்கும். ஸ்கூல் வேல வந்ததும் போயிரு, யார் பிடிச்சு வச்சா?" என்றார். நான் சந்தோஷமாகச் சரி என்றேன்.

அந்தப் பொறுப்பு எங்கே இருந்தது என்றால், ஒரு சாவியில் இருந்தது. மருந்து கலக்கும் அறைக்கு ஒரே சாவிதான். அது கொட்டகையில் இரவு தங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் மாரியம்மன் படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கும். அக்கா வீட்டில் இருந்தால் ஆத்தா கையில் இருக்கிற மாதிரி என்பார் மாமா. விடிந்ததும் அம்மா குளித்து, படத்துக்குச் சூடம் காட்டி, சாவிக்குத் திருநீறு பூசி, வாசலுக்கு வந்து வானத்தை ஒரு சுற்றுப் பார்ப்பாள். வெளுத்திருந்தால் சாவியை என்னிடம் கொடுப்பாள். நான் கொண்டுபோய் மருந்து கலக்கும் அண்ணாச்சியிடம் கொடுப்பேன். வானம் மூடியிருந்தால் சாவி ஆணியை விட்டு இறங்காது. ஈரக் காற்றில் மருந்து கலந்தால் தானாகவே சூடேறும், எப்போது பற்றும் என்று சொல்ல முடியாது. அது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் "இன்னைக்குச் சாவி எறங்கல" என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். பெண்கள் கூலி போயிற்றே என்று முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அதில் பெரிய கௌரவம். எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாதவள். ஆனால் ஒரு கம்பெனி ஓடுவதும் நிற்பதும் அவள் பார்வையில் இருந்தது.

ஐப்பசி பிறந்தது. தீபாவளி நெருங்க நெருங்க மாமாவுக்குத் தூக்கம் இல்லை. வடக்கே போக வேண்டிய சரக்கு பாதிதான் தயாராகியிருந்தது. லாரி வந்து நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மூன்று நாளாகச் சாவி இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் விருதுநகர் உயர்நிலைப் பள்ளி ஒன்றிலிருந்து எனக்கு ஆள் வந்தது. செயலாளர் பார்க்க வரச் சொன்னாராம். அங்கே அந்தக் காலத்தில் பல வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார்கள். அப்படி வளர்ந்த பள்ளிக்கூடம் அது. அங்கே இங்கிலீஷ் வாத்தியார் ஆவது என்றால் எனக்குக் கலெக்டர் உத்தியோகம் மாதிரி.

அதிகாலையில் கிளம்பினேன். இரவு முழுக்கத் தூறியிருந்தது. வானம் சட்டிக் கரி மாதிரி மூடிக் கிடந்தது. சாவி ஆணியில் தொங்கியதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தது மட்டுமல்ல, சொல்லிவிட்டும் போனேன்.

"யம்மா, இன்னைக்கு வேல இல்ல. அண்ணாச்சிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். சாவிய யாருக்கும் குடுத்துராத."

"எனக்குத் தெரியாதாலே? நீ நல்ல சேதியோட வா" என்று அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

செயலாளர் பருப்பு வியாபாரி. கடை மெத்தையில் உட்கார்ந்தபடியே என்னிடம் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் பதில் சொன்னேன். "தீபாவளி களிச்சு வந்து சேந்துருங்க தம்பி" என்றார். நான் வெளியே வந்து இரண்டு சட்டைக்கு வெள்ளைத் துணி எடுத்தேன். எண்ணெயில் பொரித்த புரோட்டாவை வயிறு முட்டத் தின்றேன். சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முதல் நாள் வகுப்பில் எந்த வினைச்சொல்லில் ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

சிவகாசியில் பஸ் மாறித் தாயில்பட்டி விலக்கில் இறங்கியபோது ஊரே கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மருந்து அறை இருந்த இடத்தில் நாலு சுவரில் ஒன்றுதான் நின்றது. அண்ணாச்சி உள்ளே இருந்திருக்கிறார். வேறு யாரும் அருகில் இல்லை. அவரை ஒரு சாக்கில் வைத்து மூடியிருந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. அவர் எனக்கு ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசியவர் இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். ஆணி வெறுமனே இருந்தது. அம்மா படத்துக்குக் கீழே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"சாவி எங்கம்மா?"

"நீ போன கொஞ்ச நேரத்துல ஒங்க மாமன் வந்தான். லோடு நிக்குது, இன்னைக்கு ஏத்தலன்னா ஆர்டரே போயிரும்னு கையப் பிடிச்சுக்கிட்டு அளுதான். மானத்தப் பார்ரான்னேன். ஒரே ஒரு கலவதான், ஒடனே நிப்பாட்டிருதேன்னான். நான் எடுத்துக் குடுத்துட்டேன்லே. கூடப் பெறந்தவன் அளுதா எப்பிடி இல்லன்னு சொல்ல?"

நான் அப்போது அவளைத் திட்டவில்லை. அவள் அழுதாள், நானும் அழுதேன். தம்பி கேட்டான், கொடுத்துவிட்டாள். பெரிய தப்புத்தான், ஆனால் எனக்குப் புரிந்தது. அன்று பொழுது இறங்கும்வரை எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் எந்தத் துரோகமும் இல்லை.

மறுநாள் காலையில் மாமா வந்து அம்மாவோடு உள்ளறையில் நெடுநேரம் பேசினார். என்னை அண்ணாச்சி வீட்டுக் காரியங்களைக் கவனிக்க அனுப்பியிருந்தார். நான் திரும்பி வந்தபோது போலீஸ் இன்ஸ்பெக்டர் எங்கள் முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிராம முன்சீப். மாமா வாசல் நிலையில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அந்தச் சாவி ஒங்க வீட்டுலதான் இருக்குமாமே. நேத்து யாரு எடுத்துக் குடுத்தது?" என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எம் மகன்தாங்கய்யா. விருதுநகருக்குப் பஸ் ஏறப் போகையில கொண்டுபோயி அந்த அண்ணாச்சி கையில குடுத்துட்டுப் போனான்" என்றாள்.

திக்கவில்லை, திணறவில்லை. காய்கறிக்காரியிடம் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"யம்மா, என்னம்மா சொல்ற?" என்று கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லய்யா, மாமாதான் வாங்கிட்டுப் போயிருக்காக, அம்மாவே நேத்து என்கிட்டச் சொன்னா" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். மாமாவைப் பார்த்தேன். "மாமா, சொல்லுங்க மாமா." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் அந்நேரம் சிவகாசியில இருந்தேங்கய்யா" என்றார்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. பெற்ற தாயே மகனுக்கு எதிராகச் சொன்னால் உலகத்தில் யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? அதை மாமா நன்றாகவே கணக்குப் போட்டிருந்தார். வேறு யார் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது.

இலைக் கணக்குப் போட்டே பழகியவன் அல்லவா, அந்த நேரத்திலும் என் மனசு பாழாய்ப்போன அந்தக் கணக்கைத்தான் போட்டது. அம்மா ஒரே ஒரு சின்ன வேலைதான் செய்திருந்தாள். சாவி அதே சாவி. வாங்கி அறையைத் திறந்தவர் அதே அண்ணாச்சி. 'கொடு' என்ற பந்தியில் மற்ற இலைகளைத் தொடவே இல்லை. முதல் இலையில் உட்கார்ந்திருந்த தன் தம்பியையும் தன்னையும் எழுப்பிவிட்டு, அங்கே என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அவ்வளவு சின்ன மாற்றம். முக்கால்வாசி உண்மை. அதனால்தான் அவளுக்கு நாக்குத் திக்கவில்லை.

என்னை அழைத்துக்கொண்டு தெருவில் நடந்தபோது அண்ணாச்சியின் மனைவி எதிரே ஓடிவந்தாள். என் முன்னால் நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். "மானம் மூடிக் கெடக்கையில சாவியக் குடுத்து எம் புருசனக் கொன்னுட்டியேலே. நீ வெளங்குவியா? ஒங் குடி வெளங்குமா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மண் என் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. நான் திரும்பி எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தேன். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது ஓடிவந்து ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

போலீஸ் அடித்தது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மண் வலித்த மாதிரி எதுவும் வலிக்கவில்லை. அந்தம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் தூற்றியது சரியான மண், ஆள்தான் தப்பு.

ஜாமீனில் வெளியே வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் உள்ள போனா கம்பெனிய இளுத்து மூடிருவாகலே. எத்தன குடும்பம் அங்கன கஞ்சி குடிக்குது? அவனுக்குக் கலியாணத்துக்கு நிக்கிற பொம்பளப்பிள்ள இருக்கா. நீ ஒத்தக்கட்ட. படிச்சவன். வக்கீலு வச்சு வெளிய எடுத்துருதேன்னு ஒங்க மாமன் ஆத்தா மேல சத்தியம் பண்ணிருக்கான்" என்றாள். முறத்தின் மேலேயே கண் இருந்தது. "ஒன்னய ஆளாக்கினது அவன்தான. அத நெனச்சுப் பாரு."

"ஆளாக்கினது இதுக்குத்தானா?" என்று கேட்டேன். அவள் முறத்தில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

மாமா வக்கீல் வைத்தார், அதையும் சொல்ல வேண்டும். நல்ல வக்கீல்தான். ஆனால் அந்த வக்கீல் அம்மாவைக் குறுக்குக் கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. அது யார் சொல்லி என்று எனக்குத் தெரியும்.

கோர்ட்டில் குற்றச்சாட்டை முதலில் இங்கிலீஷில் வாசித்தார்கள். பிறகு ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். தமிழ் எனக்குத் தேவைப்படவில்லை. நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சிவகாசி ஆபீசில் போட்ட இலைகள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்தன. பொறுப்பை ஒப்படைத்த பந்தியில் நான் நடு இலையில் உட்கார்ந்திருந்தேன்: மாமா, நான், கொட்டகைகள். குற்றம் சாட்டும் பந்தியிலும் நடு இலை எனக்கே: அரசாங்கம், நான், ஓர் உயிர். பூச்சட்டியின் இலையும் அதுதான். யாரோ மருந்தை அடைக்கிறார், யாரோ திரியைப் பற்ற வைக்கிறார், எரிவது மட்டும் சட்டி. அன்றைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது மாமா எவ்வளவு ரசித்துத் தலையாட்டினார் என்பதும் ஞாபகம் வந்தது. பாடம் நன்றாகத்தான் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா கூண்டில் ஏறி, முற்றத்தில் சொன்னதையே திரும்பச் சொன்னாள். இந்தத் தடவை ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தண்டனை சில மாதங்கள்தான். உள்ளே இருந்தபோது மாமா வந்து பார்க்கவில்லை. அம்மா வந்தாள், நான் பார்க்க மறுத்துவிட்டேன். பள்ளிக்கூடச் செயலாளர் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்: "தம்பி மேல எங்களுக்கு வருத்தம் இல்ல. ஆனா பிள்ளைகளப் பெத்தவுக ஒத்துக்கிட மாட்டாக." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வெள்ளைத் துணி தைக்காமலே கிடந்து மடிப்பில் பழுப்பேறிவிட்டது.

விடுதலையான அன்று நேராகத் தாயில்பட்டிக்குத்தான் போனேன். வேறு எங்கே போவது? மறுபடியும் ஐப்பசி. பஸ் வெம்பக்கோட்டைப் பாதையில் வரும்போதே ஈரக் காற்று அடித்தது. மன்னித்துவிடலாம் என்ற எண்ணம்கூட வழியில் வந்தது. என்ன இருந்தாலும் அவளுக்கும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

அம்மா என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். குளிக்க வெந்நீர் வைத்தாள். வாழை இலை அறுத்துக்கொண்டு வந்து போட்டாள். சோறு, பருப்பு, எனக்குப் பிடித்த கத்தரிக்காய் எண்ணெய்க் குழம்பு. "சாப்பிடுலே, எப்பிடி எளச்சுப் போயிட்ட" என்று எதிரே உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் கைச் சோறு. இரண்டு கவளம் இறங்கியதும் நிமிர்ந்து பார்த்தேன்.

மாரியம்மன் படத்துக்குக் கீழே ஆணியில் ஒரு சாவி தொங்கியது. புதுச் சாவி. திருநீறு பூசியிருந்தது.

மருந்து அறையை மாமா புதிதாகக் கட்டிவிட்டார், வேறு யாரையோ பொறுப்பாளனாகப் போட்டுவிட்டார் என்று அம்மா சொல்லாமலே புரிந்தது. சாவி மட்டும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நான் உள்ளே கிடந்த காலத்தில் இந்த வீட்டில் இந்த ஆணிக்குத் தினமும் பூசை நடந்திருக்கிறது.

அப்போது வாசலில் மாமா குரல் கேட்டது. நான் வந்தது அவருக்குத் தெரியாது. நான் உட்கார்ந்திருந்த இடம் வாசலிலிருந்து தெரியாது.

"எக்கா, சாவியக் கொஞ்சம் எடு."

அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மானம் மூடியிருக்கு. இன்னைக்கு எறங்காது."

"லோடு நிக்குதுக்கா."

"நின்னா நிக்கட்டும்."

"எக்கா, சொன்னாக் கேளு. ஒரே ஒரு கலவதான்."

"மாட்டேன்னா மாட்டேன். நீ போ."

மாமா, "சரிக்கா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைச் சரசரவென்று தேய்த்துக்கொண்டு போய்விட்டார். சண்டை இல்லை, அழுகை இல்லை. ஒரு பெரிய மனிதர், பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர், அக்கா மாட்டேன் என்றதும் திரும்பிப் போகிறார்.

இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா? போலீசிடம் சொன்ன பொய்கூட அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த 'மாட்டேன்' அன்றைக்கே அவள் வாயில் இருந்திருக்கிறது. எடுக்காமல் விட்டிருக்கிறாள்.

அம்மா திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் கேட்டேன்.

"யம்மா, இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

அவள் குழம்புச் சட்டியை எடுத்து என் இலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "அன்னைக்கு எனக்குச் சொல்லத் தெரியலயேலே" என்றாள். "ஒன்னயக் குடுத்துல்ல இந்த ஒரு வார்த்தையக் கத்துக்கிட்டேன்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். மனம் நொந்துதான் சொன்னாள். எனக்கோ அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளாக நான் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். என்னைக் கொண்டுபோய் முதல் இலையில், கொடுத்தவன் இலையில் உட்கார வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே ஆளாக ஒரு இலையே கிடையாது. கொடுத்தது அவள். வாங்கிக்கொண்டது அவள் தம்பி. கைமாறிய பொருள் நான்.

எங்கள் பக்கத்தில் விருந்து வீட்டில் சாப்பிட்டு முடித்தால் இலையை நம் பக்கமாக மடிப்போம். உறவு தொடரட்டும் என்று அர்த்தம். துக்க வீட்டில் மட்டும் எதிர்ப்பக்கமாக மடிப்போம். நான் சோற்றின் மேல் தண்ணீரைத் தெளித்து, இலையை அம்மா இருந்த பக்கமாகத் தள்ளி மடித்தேன். அவள் அதைப் பார்த்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

கை கழுவிவிட்டு விருதுநகர் பஸ்ஸைப் பிடிக்க விலக்குக்கு நடந்தேன். தூறல் ஆரம்பித்துவிட்டது. கொட்டகைகள் பூட்டிக் கிடந்தன.